பெரியப்பா சுடாத ஓட்டை

சோபாவில் விழுகிற ஓட்டைகளை அடைத்தே ஒரு பெண்பிள்ளை பிழைக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக முடியும். மனிதர்கள் தாங்கள் உட்காருகிற இடத்துக்குத்தான் எல்லா நெருப்பையும் கொண்டுவருகிறார்கள். சிகரெட், இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி, அடுப்பிலிருந்து நேரே இறக்கிய வாணலி, சார்ஜில் போட்டுவிட்டு மறந்த போன். சுட்டதற்கப்புறம், வீட்டிலிருக்கும் இன்னொரு ஆள் பார்ப்பதற்குள் அதை மறைத்துவிட வேண்டுமே என்று கிடந்து தவிப்பார்கள். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் சோபாக்காவின் நம்பரைக் கொடுப்பார்.

சோபாக்கா என்பது வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர். நாற்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, கிட்டே வந்தால் பசை வாடை, தோளில் ஒரு பை. பையில் நுனி வளைந்த ஊசி, சின்னக் கத்தரி, இடுக்கி, கலர் கலராக நூல் பிரிகள். வந்ததும் சோபாவைத் தலைகீழாகப் புரட்டச் சொல்லுவாள். அடிப்பக்கம் மடித்து ஆணியடித்திருக்கும் துணியில் கண்ணுக்குப் படாத ஒரு துண்டை வெட்டி எடுப்பாள். கருகிய விளிம்பைச் சுரண்டி, அடியில் பழுப்பேறிப் பிசுபிசுக்கும் ஃபோமைத் தோண்டி எறிந்து, புதுத்துண்டு ஃபோமை அடைத்து, வெட்டிய துணியை ஓட்டைக்குள் நுழைத்து ஒட்டுவாள். பிறகு மூக்கு துணியில் உரச உட்கார்ந்து, இழைக்கு இழை கோத்துத் தைப்பாள். எழுந்திருக்கும்போது ஓட்டை இருந்த இடத்தை வீட்டுக்காரர்களே விரலால் தடவித் தேட வேண்டியிருக்கும்.

யார் சுட்டது என்பது பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிடும். பூனை தட்டிவிட்டது என்பார்கள், விருந்தாளி வந்திருந்தார் என்பார்கள். "ம்" என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள். வாயைத் திறக்காமல் இருப்பதை அவள் பெரியப்பாவிடம் கற்றுக்கொண்டாள் என்று சொல்லலாம். அவர் இருக்கும் இடத்தில் வேறு யாருக்கும் பேச வாய்ப்பு கிடைக்காது.

அப்பா போய்ச் சேர்ந்து, அம்மா இன்னொருவரோடு குடும்பம் நடத்தப் போனபோது அவளுக்குப் பத்து வயதுகூட ஆகியிருக்காது. பெரியப்பா கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு சோபாப் பட்டறை இருந்தது. முன்பக்கம் கண்ணாடிக் கடை, பின்பக்கம் மரத்தூளும் நாரும் பறக்கும் நீளமான கொட்டகை. அவளைப் பின்பக்கத்தில் விட்டார். பழைய சோபாக்களில் ஆணி பிடுங்குவது, நார் உதறுவது, ஃபோம் துண்டுகளைக் கூட்டிப் பெருக்குவது. பள்ளிக்கூடம் என்ற பேச்சு ஒருநாள் எழுந்தது. "நார் உதற எதுக்கு நாலெழுத்து" என்று பெரியப்பா சிரித்தார். பட்டறையே சேர்ந்து சிரித்தது. அதோடு முடிந்தது.

அவருக்கு நாக்குதான் சொத்து. வாடிக்கைக்காரர்கள் சோபா வாங்க வந்தவர்கள் பாதி, அவர் பேச்சைக் கேட்க வந்தவர்கள் பாதி. எதிரே நிற்பவனை ஒரே வார்த்தையில் உரித்துத் தொங்கவிட்டுவிடுவார். உரிபட்டவனும் கூடச் சேர்ந்து சிரித்துத்தான் ஆக வேண்டும்.

பெரிய பெண்ணாக வளர்ந்துவரும் வயதில், ஒரு பச்சை வெல்வெட் சோபாமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது வெல்வெட்டில் பெட்டியின் அச்சு அப்படியே கருகிக் கிடந்தது. பெரியப்பா அடிக்கவில்லை. எல்லாரையும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு வரிசையாக நிற்க வைத்து, "இன்னையிலேர்ந்து இவ பேரு கருகல். யாராவது வேற பேரு சொல்லிக் கூப்பிட்டா அவங்களுக்கு டீ கிடையாது" என்றார். டீக்குப் பயந்தோ, அவருக்குப் பயந்தோ, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மறக்கிற அளவுக்கு நிலைத்துவிட்டது.

அந்தப் பச்சை வெல்வெட்டை அவளே சரிசெய்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. அடிமடிப்பிலிருந்து வெல்வெட்டின் மயிரை மட்டும் பிளேடால் சீவி எடுத்து, கருகிய இடத்தில் பசை தடவி, பிரஷ்ஷால் நட்டு நட்டு நிமிர்த்தினாள். சோபாவுக்குச் சொந்தக்காரர் வந்து உட்கார்ந்து, தடவிப் பார்த்து, சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார். பெரியப்பா மறுநாளே கடை வாசலில் 'தீப்பட்ட சோபாக்கள் புதிதுபோல் மாற்றித் தரப்படும்' என்று போர்டு எழுதி மாட்டினார். கேட்டவர்களிடம் தன் கைகளை விரித்துக் காட்டி, "இந்தக் கை வேலை" என்பார். கொட்டகையில் அவள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருப்பாள்.

அவளைக் கேட்டு ஒரே ஒரு முறை ஆள் வந்தது. பஸ் டிரைவர் ஒருவர். கிழிந்த சீட்டுகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, எடுக்க வரும்போதெல்லாம் கொட்டகை வாசலில் கொஞ்ச நேரம் அதிகமாக நிற்பார். பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. "ஊசி குத்தாம எப்படித் தைக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டார். "குத்தும்" என்றாள். அவ்வளவுதான். தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு அவர் பெண் கேட்டு வந்தபோது, அடுக்கி வைத்த ஃபோம் பலகைகளுக்குப் பின்னால் நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்றார் பெரியப்பா. "ஆனா தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கு, சொல்லிடறேன். இது புது உருப்படி இல்ல. அப்பன் ஒரு பக்கம் கிழிச்சது, ஆத்தா ஒரு பக்கம் கிழிச்சது, நான்தான் ஒட்டுப்போட்டு வெச்சிருக்கேன். உள்ள ஃபோமும் கொஞ்சம் கம்மி. வாங்கிட்டுப் போனப்பறம் திருப்பிக் கொண்டுவந்தா எடுத்துக்க மாட்டேன்."

டிரைவரின் அக்கா முதலில் சிரித்தாள். அப்புறம், "உள்ள கம்மின்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். பெரியப்பா நெற்றிப் பொட்டில் ஒரு விரலை வைத்து லேசாகச் சுழற்றிக் காட்டினார். அந்த அம்மாள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். டிரைவர் தரையைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சீட்டுகளை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார்.

அன்று சாயங்காலம் பெரியப்பா கொட்டகைக்கு வந்தார். அழுகிறாளா என்று எட்டிப் பார்த்தார். "உன்னை அனுப்பிட்டா பின்பக்கத்தை யார் பாப்பா? நீயே சொல்லு" என்றார். அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னார்.

வருஷங்கள் ஓடின. பெரியப்பாவுக்கு ஒரு காலையில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் கொஞ்சம் கோணிக்கொண்டு பிழைத்துக்கொண்டது. அவருடைய ஒரே மகன், இவளுக்குத் தம்பி முறை, நல்ல பிள்ளைதான். ஆனால் எதிலும் தானாக ஒரு முடிவு எடுக்க மாட்டான். அவனுக்குப் பட்டறை நடத்தத் தெரியவில்லை, விற்றுவிட்டான். அக்காவிடம், "பின்பக்கத்துல இருக்கறத எது வேணுமோ எடுத்துக்கோங்க" என்றான். அவள் ஊசிகளையும் கத்தரிகளையும் எடுத்துக்கொண்டாள். டயர் கடை மாடியில் ஒரு அறை பிடித்தாள். அப்படித்தான் சோபாக்கா ஆனாள்.

தம்பி வீட்டிலிருந்து கூப்பிட்டு விடுவார்கள் என்று அவள் நினைக்கவேயில்லை. தம்பி மனைவிதான் போன் செய்தாள். "அண்ணி, புது சோபா. மாமா சிகரெட்டைப் போட்டுட்டாரு."

மயில்கழுத்து நிறத்தில் பெரிய சோபா. பெரியப்பா பகல் முழுக்க அதில்தான் கிடந்தார். டிவிக்கு எதிரே, வலது கைப்பிடியை ஒட்டி. அந்த இடம் அவர் உடம்பின் அளவுக்குக் குழிந்திருந்தது. ஓட்டை கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவில் இருந்தது. நீளமாக, வால் போல இழுத்துக்கொண்டு, சுற்றிலும் பழுப்புக் கறையோடு. விழுந்து உருண்டு புகைந்த சிகரெட். சந்தேகமே இல்லை.

"பாத்தியா கருகல்" என்றார் பெரியப்பா, கோணிய வாயால். "இப்பவும் என் ஓட்டையை அடைச்சுத்தான் உன் பொழப்பு ஓடுது."

அவள் "ம்" என்று தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் யார் எதைச் சுமந்தார்கள் என்பது தைத்து முடிப்பதற்குள் தெரிந்துபோயிற்று. மாமனாரைத் தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் தம்பி மனைவி. நல்ல வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டு வீட்டோடு கிடந்தாள். அவள் குனிந்து அவருக்குச் செருப்பு மாட்டும்போது பெரியப்பா சொன்னார்: "கெட்டிக்காரி. ஆபீஸ்ல இதைத்தான் செஞ்சிட்டிருந்தாளாம், மேனேஜருக்கு." தம்பி மனைவி நிமிரவில்லை. காதில் விழாததுபோல மற்றச் செருப்பை மாட்டினாள். கழுத்து மட்டும் சிவந்தது. சோபாக்காவுக்கு அந்தக் கழுத்தைத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

சில வாரம் கழித்து மறுபடியும் போன். இரண்டாவது ஓட்டை. அதற்குள் சிகரெட்டையெல்லாம் தம்பி மனைவி தன் கையில் வைத்துக்கொண்டு, கேட்டால் ஒன்று கொடுத்து, பக்கத்தில் நின்று பிடிக்க வைப்பதாகத் தம்பி சொன்னான். "அப்பறமும் எப்படியோ பண்ணிடறாரு. ஒளிச்சு வெச்சிருப்பாரு போல."

"நான் போடல" என்றார் பெரியப்பா.

சோபாக்கா மண்டியிட்டுப் பார்த்தாள். ஓட்டை வட்டமாக இருந்தது. வால் இல்லை, கறை இல்லை, சாம்பல் இல்லை. இழைகள் உருகி, விளிம்பில் கண்ணாடி மணி மாதிரி பளபளவென்று உறைந்திருந்தன. அடியில் ஃபோம் நேர்குத்தாக, கிணறு தோண்டியதுபோலப் போயிருந்தது. சிகரெட் இப்படிச் சுடாது. காய்ச்சிய இரும்பு சுடும், அதுவும் யாராவது பிடித்து அழுத்தினால்.

வேலை முடிந்து கை கழுவச் சமையலறைக்குப் போனாள். தொட்டியில் பாத்திரங்களோடு ஒரு கரண்டி கிடந்தது. அதன் காம்பு நுனி நீலம் பாரித்துக் கறுத்திருந்தது. நுனியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு துளி உருகி ஒட்டியிருந்தது. அவள் கரண்டியைப் பார்த்தாள். தம்பி மனைவி அவள் பார்ப்பதைப் பார்த்தாள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"டீ போடட்டுமா அண்ணி?"

"போடு. சர்க்கரை கம்மியா."

இருவரும் நின்றபடியே டீ குடித்தார்கள்.

மூன்றாவது ஓட்டைக்கு அவள் போனபோது வீட்டில் இன்னொரு ஆள் இருந்தார். முதியோர் இல்லம் நடத்துகிறவர். தம்பி சோபா ஓரத்தில் உட்கார்ந்து விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தான். வீடே எரிந்தாலும் எரிந்துபோகும், இல்லத்தில் துணி மெத்தை கிடையாது, எல்லாம் பிளாஸ்டிக், பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்று வந்தவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் போடலன்னு சொல்றேன்ல" என்றார் பெரியப்பா. குரலில் பழைய மிடுக்கு இல்லை. "சத்தியமா நான் போடல. தூங்கிட்டிருந்தேன். முழிச்சுப் பாத்தா ஓட்டை இருக்கு."

"தூங்கிட்டிருந்தா உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?" என்றாள் தம்பி மனைவி, மெதுவாக.

தம்பி தன் மனைவியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அவன் எப்போதும் செய்வதைச் செய்தான், அடுத்தவர் தலையில் கட்டினான். "அக்கா பாத்து சொல்லட்டும். அவங்க கண்ணுக்குத் தெரியும். சிகரெட் இல்லன்னு அக்கா சொன்னா நான் அப்பாவை எங்கேயும் அனுப்பல."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தம்பி மனைவி மட்டும் ஜன்னலைப் பார்த்தாள். சோபாக்கா குனிந்தாள். அதே வட்டம், அதே மணி விளிம்பு. விரலை ஓட்டைக்குள் விட்டாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"ஏய் கருகல்" என்றார் பெரியப்பா. "வாயத் தொறந்து சொல்லேன். இத்தனை வருஷம் சோறு போட்டிருக்கேன். ஒரு வார்த்தை வராதா உனக்கு? உள்ள ஒண்ணும் இல்லன்னு நான் அப்பவே சொன்னது சரிதான் போல."

அவள் விரலை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"சிகரெட்தான்" என்றாள். "பெரியப்பா கை தவறி விழுந்திருக்கு."

அவர் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அவளைப் பார்த்தார், பிறகு மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தார். அதைத் திருப்பி, உள்ளங்கையையும் பார்த்தார். அன்று அவள் மாடியறைக்குத் திரும்பி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள்.

பெரியப்பாவைச் சேர்த்த இல்லத்துக்கு அவள் போனது இரக்கத்தால் அல்ல. எப்படி இருக்கிறார் என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை. கழுவிவிட்ட தரை, மருந்து வாடை, சுவரோரமாக வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் பெரியப்பா இருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். விழுந்த இடது கையைக்கூட யாரையோ கேட்டு உள்ளே தள்ளி வைத்திருந்தார்.

"கிட்ட வராத" என்றார். "எனக்கே தெரியாம சுட்டுடறேன்."

இல்லத்து ஆயா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "படுக்கும்போது கையைக் கட்டிவிடச் சொல்லி ஒரே தொந்தரவு. நாங்களும் துணியைச் சுத்திக் கட்டிலோட கட்டிடறோம். எங்களுக்கும் வேலை மிச்சம்."

மணிக்கட்டில் கட்டின தடம் இருந்தது. அவள் பார்க்க வந்தது அதைத்தான். ஆனால் அதை வெகுநேரம் பார்க்க அவளால் முடியவில்லை. வசை பாடுவார், "கருகல்" என்பார், பதிலுக்குப் பேசாமல் உட்கார்ந்திருந்து ரசிக்கலாம் என்றெல்லாம் வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவரோ ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை.

நாலைந்து தடவை போன பிறகு, ஒரு மத்தியானம் அவள் சொல்லிவிட்டாள். "பெரியப்பா, முதல் ஓட்டைதான் நீங்க போட்டது. மத்ததெல்லாம் நீங்க இல்ல. கரண்டிக் காம்பைக் காய்ச்சி வெச்சது. எனக்கு அன்னைக்கே தெரியும். நான் பொய் சொன்னேன்."

அவர் நம்பாமல் தலையை ஆட்டினார். "எனக்காக இரக்கப்பட்டுச் சொல்றே. உனக்குப் பொய் சொல்ல வராது. நீ அன்னைக்குச் சொன்னதுதான் நிஜம்."

"இல்ல பெரியப்பா."

"போதும். என் கையை எனக்குத் தெரியாதா."

அவள் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி இல்லை. தம்பி மனைவி மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அப்போதுதான் வந்து கைப்பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. அவளிடம் சோபாக்கா கேட்டாள்: "நீ ஒரு தடவை வந்து அவர்கிட்ட சொல்லு. நீ சொன்னா நம்புவாரு."

"நான் என்ன அண்ணி சொல்றது?"

"நீ செஞ்சதைத்தான்."

தம்பி மனைவி கைப்பையை மேசைமேல் வைத்தாள். கோபப்படவில்லை. "நான் மாமா மேல எந்தப் பழியும் போடலையே அண்ணி. 'மாமா போட்டாரு'ன்னு அன்னைக்கு யார் சொன்னதுன்னு யோசிச்சுப் பாருங்க." சமையலறைப் பக்கம் திரும்பி, "உக்காருங்க, டீ போடறேன்" என்றாள். சோபாக்கா உட்காரவில்லை.

அதற்கப்புறம் அவள் வாரம் தவறாமல் இல்லத்துக்குப் போனாள். இப்போது பகலிலும் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, தடத்தில் மருந்து தடவிவிடுவாள். அவள் கிளம்பும்போது மறுபடியும் கட்டச் சொல்லி அவர் கையை நீட்டுவார். முதலில் மறுத்துப் பார்த்தாள். கட்டாவிட்டால் குழந்தைபோல நடுங்கி அழுதார். அதனால் அவளே கட்டினாள். ஆயாவின் முடிச்சை விட அவள் முடிச்சு இறுக்கமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

குளிர் தொடங்கியபோது அவருக்கு ஆட்களை அடையாளம் தெரியாமல் போயிற்று. மகனைத் தெரியவில்லை. இவளையும் தெரியவில்லை. இல்லத்தில் வேலை செய்கிறவள் என்று நினைத்து, "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். நெருப்பை மட்டும் அவர் மறக்கவில்லை. வருகிறவர் எல்லாரிடமும் அதைச் சொன்னார், இவளிடமும் சொன்னார்.

"பெரிய தப்பு பண்ணிட்டேம்மா. மகன் வீட்டு சோபாவை மூணு தடவை கொளுத்திட்டேன். நான் ஒத்துக்கவே இல்ல. அடிச்சுச் சாதிச்சேன். ஆனா என் தம்பி பொண்ணு ஒருத்தி இருக்கா. அவ ஒரு விரலை விட்டுப் பாத்துட்டு சட்டுனு சொல்லிட்டா."

"அவ தப்பா சொல்லியிருந்தா?" என்று கேட்டாள் அவள்.

பெரியப்பா அவளைக் கண்டிக்கிற மாதிரி பார்த்தார். "அவளுக்குத் தப்பு வராதும்மா. சுட்ட துணியைப் பாக்கறதுல அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இந்தக் கை வேலைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், எல்லாம் அவ வேலை. ஒரு பொய் பேச மாட்டா."

அவள் துணியை எடுத்து அவர் மணிக்கட்டில் சுற்றினாள். கை தன்பாட்டுக்கு முடிச்சுப் போட்டது. "அவளைப் பாத்தா சொல்லுங்க, நான் கோவிச்சுக்கலைன்னு" என்றார். சொல்கிறேன் என்று எழுந்தாள்.

அந்தக் குளிர் முடிவதற்குள் அவர் போய்விட்டார். தம்பி வாய்விட்டு அழுதான். தம்பி மனைவியும் அழுதாள், அது நடிப்பு என்று சொல்ல முடியாது. சோபாக்கா ஓரமாக நின்றாள். மறுநாள் ஒரு வீட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட வேலை இருந்தது, போனாள். பையன் சுட்டான் என்று அந்த வீட்டம்மாள் சொன்னாள். பக்கத்தில் நின்ற பையன் இல்லை என்று தலையை ஆட்டினான். "உங்களுக்குப் பாத்தாலே தெரியுமாமே, நீங்களே சொல்லுங்க" என்றாள் அந்த அம்மாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு, சோபாவைத் தலைகீழாகப் புரட்டச் சொன்னாள்.